சாகிறவரோடு பேசுவது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் சாவைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. எழவு விழுந்த வீட்டைப் பற்றிய பேச்சு காலையிலேயே டீக்கடையில் தொடங்கிவிடும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, பிணத்தின் மேல் கோடிச்சீலை எத்தனை விழுந்தது, எடுப்பதற்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்பதெல்லாம் கருமாதி முடியும்வரை ஓடும். வயதான பெண்கள் களை வெட்டிக்கொண்டே "என்னைய எப்பத்தான் கூப்புடுவானோ" என்று சொல்வார்கள். பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள்கூடப் பாட்டனின் பாடையைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடித்திருப்பார்கள். இவ்வளவு சகஜமாகச் சாவோடு புழங்குகிற ஊரில், ஒரே ஒருவரிடம் மட்டும் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவர் சாகப்போகிறவர்.

நான் இங்குள்ள தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆசிரியை. குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் குழுவினர் வீடு வீடாகப் போகும்போது, விடுமுறை நாட்களில் நானும் தன்னார்வலராக உடன் போகிறேன். போகிற வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வாசலிலேயே எங்களை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, மகனோ மருமகளோ சொல்வது ஒன்றுதான்: "அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேன்சருன்னு சொல்லீராதீங்க, அப்பறம் மனசு ஒடஞ்சு போயிரும்." உள்ளே போனால், கட்டிலில் படுத்திருப்பவர் எல்லாவற்றையும் அறிந்தவராக இருப்பார். மருத்துவமனை வாசலில் எழுதியிருந்த பெயரை அவர் படித்திருப்பார். தன் உடம்பு இளைப்பதைத் தன் வளையலின் தளர்விலும் வேட்டியின் சுற்றிலும் கண்டிருப்பார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர் அவர்களிடம் மறைக்கிறார். அவர் உடைந்துபோவாரே என்று பிள்ளைகள் அவரிடம் மறைக்கிறார்கள். இப்படி இரு தரப்பும் ஒரே உண்மையைத் தனித்தனியே சுமந்துகொண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்வதைப் பார்க்கும்போது, சாவைவிட இந்த மௌனம்தான் அவர்களை அதிகம் வதைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. வாக்குரிமையும் ரேஷன் கார்டும் பஞ்சாயத்தும் கேரளத்தில். பேச்சும் பெண் கொடுத்து எடுப்பதும் குலதெய்வமும் பெரும்பாலும் தமிழ்நாட்டில். உடம்புக்குப் பெரிதாக ஏதேனும் வந்தால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குத்தான் வண்டி பிடிக்கிறோம். அங்கே எல்லாம் செய்து பார்த்து, இனி ஒன்றும் முடியாது என்று மருத்துவர் சொல்வார். அதையும் நோயாளியிடம் சொல்ல மாட்டார், வெளியே தாழ்வாரத்தில் மகனை அழைத்துச் சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து குடும்பத்துக்கு ஒரே கவலைதான் இருக்கும்: உயிர் இருக்கும்போதே ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வெளியூரில் போன உயிரின் உடலை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது, வாசல் பந்தலோடு எடுத்துவிட வேண்டும் என்ற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்சில் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே எல்லையைத் தாண்டி வருகிற பயணம் எங்கள் ஊர்களில் அபூர்வமானதல்ல. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் நிலைவாசலுக்குள், தன் மனிதர்கள் நடுவில் உயிர் பிரிய வேண்டும் என்ற ஆசைக்கு எங்கள் முன்னோர் கொடுத்த வடிவம்தான் அந்த வழக்கம். குறை, அந்த ஆசையைப் பற்றி உரியவரிடம் முன்பே கேட்காமல், கடைசி மூன்று மணி நேரத்தில் நிறைவேற்றப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இந்தப் பக்கம் ஒரு விடை உருவாகியிருப்பது எங்கள் அதிர்ஷ்டம். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில், மயக்கவியல் மருத்துவர்களான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வேறு சிலரும் சேர்ந்து, வலி தணிப்புக்கென ஒரு சிறிய புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாது என்று அனுப்பப்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்வதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய நிலைப்பாடு. 1990களின் இறுதியில் மலப்புறம் பகுதியில் அது ஊர்மக்கள் கைக்கு வந்தது. கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் பயிற்சி பெற்று, சிறு தொகைகளாகப் பணம் திரட்டி, அக்கம்பக்கத்தில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அதன் பயனாக இன்று பஞ்சாயத்துதோறும் பயிற்சி பெற்ற செவிலி ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு வீடுகளுக்குப் போகிறார். 2022இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட சாவின் மதிப்பு பற்றிய ஆணைய அறிக்கையில், உலகம் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டாகக் கேரளம் குறிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே போய்ச் செய்யும் வலி தணிப்புச் சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் உறவினர்களிடம் இதை நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இந்தச் செவிலிகள் செய்வது என்ன என்பதை என் அமுச்சியின் கடைசி மாதங்களில் அருகிருந்து பார்த்தேன். அமுச்சி என் அம்மாவைப் பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. மாமா அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். "வயித்துல புண்ணுங்கம்மா, மாத்திரை சாப்புட்டாச் சரியாப் போயிரும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய் மோட்டார் அறையில் உட்கார்ந்து அழுவார். தாயின் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் அவர். அவருடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் வந்த செவிலி பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். கைப்பையிலிருந்து எதையும் எடுப்பதற்கு முன்னால் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அமுச்சியின் கால் பாதத்தில் கை வைத்துக்கொண்டு, பேரன் பேத்திகள் எத்தனை பேர், தோட்டத்தில் இப்போது என்ன வெள்ளாமை என்று கேட்டார். பிறகு வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணாகச் சொல்லச் சொன்னார். அமுச்சிக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ரூவாய்க்குப் பன்னண்டணா வலிக்குதுங்க சிஸ்டர்" என்றார். செவிலிக்கு அணாக்கணக்கு தெரியாது. பதினாறணா ஒரு ரூபாய் என்று நான் சொன்னதும் தன் நோட்டுப் புத்தகத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்று முதல் கடைசிவரை அமுச்சியின் வலி அணாவில்தான் அளக்கப்பட்டது. வலிக்கான மார்ஃபின் மாத்திரையைத் தொடங்கிய அந்த வாரத்தின் முடிவிலேயே பன்னண்டணா நாலணாவாக இறங்கியது.

அந்த மாத்திரையைத் தொடங்கவிடாமல் மாமா சில நாட்கள் தடுத்தார். போதைக்கு அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும், மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள் என்பவையே அவருடைய எதிர்ப்புகள். எல்லா வீட்டிலும் சொல்லப்படுபவைதான் அவை. செவிலியும் பிறகு வந்த மருத்துவரும் பொறுமையாக விளக்கினார்கள். வலிக்காகச் சிறிய அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுக்கும்போது அது மூச்சை நிறுத்துவதில்லை. போதைக்காக ஏங்கும் நிலையும் அப்படிக் கொடுக்கப்படுபவர்களுக்கு அரிது. கட்டாயம் வருவது மலச்சிக்கல்தான். அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வலி தலைதூக்குமுன் நேரம் தவறாமல் கொடுப்பதே அதன் சூத்திரம். இரவு படுக்கும்போது கொடுக்கும் வேளையை மருத்துவர் கூட்டியே எழுதித் தந்தார், நடுவில் எழுப்பாமல் இருக்கலாம் என்று.

அபினிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்தின் கதையை நினைத்தால் எனக்கு ஆறாத கோபம் வருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கமே அதைப் பக்குவப்படுத்துகிறது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, தண்டனைக்கும் உரிமங்களின் அடுக்குக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்வதையே நிறுத்தின. நாட்டில் மருத்துவப் பயன்பாடு அடியோடு சரிந்தது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் ஓலமிட்டுச் செத்தவர்களை எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தெருவே தூங்காமல் இருந்த இரவுகளைப் பற்றி என் அம்மா சொல்வார். இங்கு பலருக்குச் சாவு என்றதும் வருகிற அச்சத்தில் பெரும்பகுதி அந்த ஓலத்தின் நினைவுதான்.

வலி இறங்கிய பிறகும் அமுச்சி இரவுகளில் அழுதார். பகலில் நாலணா என்று சொல்பவர், எல்லோரும் படுத்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விசும்புவார். மாத்திரையின் அளவு போதவில்லை என்று மாமா நினைத்தார். செவிலி அப்படி நினைக்கவில்லை. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இந்தச் சிகிச்சை முறைக்கே வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், சாகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை என்று வற்புறுத்தியவர். மனத்தின் வலி, உறவுகளின் வலி, வாழ்வின் பொருளைப் பற்றிய வலி எல்லாம் சேர்ந்து ஒன்றாகவே வரும் என்றும், அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் மற்றதும் அடங்காது என்றும் அவர் கற்பித்தார். எங்கள் செவிலி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் பெற்ற பயிற்சி அதன் வழிவந்ததுதான். அவர் மாமாவை வெளியே அனுப்பிவிட்டு, அமுச்சியின் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "ராத்திரியில என்ன நெனப்பு வருதுங்கம்மா?" என்று கேட்டார்.

அமுச்சி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் எத்தன நாளைக்குங்க இருப்பேன்?" என்றார். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று செவிலி திருப்பிக் கேட்டார். "தை தாண்டாது" என்றார் அமுச்சி. செவிலி அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. தை வருவதற்குள் என்ன முடிய வேண்டும் என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் வந்தது: "போறதுக்குப் பயமில்லீங்க. எம்பொறந்த வூட்டுக் கோடி வருமான்னுதான் தெரியல."

எங்கள் வழக்கத்தில், ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சீலை வர வேண்டும். எத்தனை பட்டுப்புடவை விழுந்தாலும், அந்த ஒரு சீலை வராவிட்டால் அவள் நாதியற்றவளாகப் போனாள் என்று ஊர் சொல்லும். அமுச்சியின் பிறந்த ஊர் ஆனைமலைப் பக்கம். கிணற்றுப் பங்கு தொடர்பான ஒரு வழக்கில் தம்பி குடும்பத்தோடு பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பி இறந்தபோது மாமா போகவில்லை. அமுச்சியைப் போகவிடவும் இல்லை. இப்போது தன் முறை வரும்போது அந்த வீட்டிலிருந்து யார் சீலை எடுத்து வருவார்கள் என்பதுதான் அவரை இரவெல்லாம் அரித்தது. இதைத் தன் மகனிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் மகன் கணக்கில் அவர் சாகப்போவதே இல்லை. வயிற்றுப் புண் ஆறப்போகிறவர் கோடிச்சீலையைப் பற்றி எப்படிப் பேச முடியும்? அன்பின் பெயரால் மறைத்த அந்த ஒரு செய்தி, அவருடைய கடைசிக் கவலையை வெளியே வரவிடாமல் வாயை அடைத்துவிட்டிருந்தது.

செவிலி அமுச்சியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு மாமாவிடம் சொன்னார். மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடியலில் பைக்கை எடுத்துக்கொண்டு கோபாலபுரம் வழியாகத் தனியாக ஆனைமலைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரமே தம்பி மகன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் நேரே கட்டிலுக்குப் போய், "அத்தே, நான் வந்திருக்கறனுங்க" என்றார். அமுச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் கேட்காமல், தென்னைக்கு இப்போது தண்ணீர் பற்றுகிறதா என்று விசாரித்தார். அன்றிரவு விசும்பல் கேட்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. மாமா அதன் பிறகு வயிற்றுப் புண் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். தாயும் மகனும் மிச்சமிருந்த நாட்களில் நிறையப் பேசினார்கள். நகை யாருக்கு, எருமையை விற்பதா வைத்திருப்பதா, காரியத்தைப் பதினாறாம் நாள் வைப்பதா முன்னாலேயே முடித்துவிடுவதா என்பது உட்பட.

உணவை நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் மிக அதிகமாகத் தவிப்பது அங்கேதான். உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளும் கட்டத்தில் பசி எடுப்பதில்லை. உள்ளே போவதைச் செரிக்கும் சக்தி குடலுக்கு இருப்பதில்லை. பட்டினி கிடப்பதால் அவர் சாகவில்லை. சாவு நெருங்குவதால் அவருக்குப் பசி இல்லை. இந்த வரிசையைப் புரிந்துகொள்வது, சோறு போடுவதையே அன்பாக அறிந்த எங்களுக்கு மிகக் கடினம். "பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்கன்னு நாளைக்கு ஊரு பேசுமே" என்று அத்தை கலங்கினார். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றலாமா என்றுகூடக் கேட்டார்கள். கரண்டியால் அமுக்கி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலையே தரும் என்று செவிலி விளக்கி, வாயை ஈரமாக வைத்திருப்பதும், உதட்டில் எண்ணெய் தடவுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும்தான் இனிச் செய்ய வேண்டிய பணிவிடை என்றார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் அத்தையின் கலக்கம் குறைந்தது.

கடைசி இரண்டு நாட்கள் நினைவு தப்பியிருந்தது. தொண்டையில் சளி நிற்பதால் மூச்சோடு சேர்ந்து ஒரு கரகரப்பு வந்தது. இடையிடையே மூச்சு நின்று, பார்ப்பவர் நெஞ்சும் நின்று, பிறகு மறுபடி ஓடியது. இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஊரில் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஓர் ஆசை தடுக்கிறது என்பது நம்பிக்கை. மண்ணாசையாக இருந்தால் தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பொன்னாசையாக இருந்தால் தங்கக் காசை உரசிய தண்ணீரை ஊற்றுவார்கள். பேரன் மீது ஆசையென்றால் பேரன் கையால் பாலூற்றச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், கிழக்குக் காட்டு மண்ணை ஒரு டம்ளரில் கரைத்துக் கொண்டுவந்தே விட்டார். சொல்லிவைத்ததுபோல எல்லோரும் செவிலியைப் பார்த்தார்கள். அவர் அதைத் தடுக்கவோ கேலி செய்யவோ இல்லை. அந்தக் கரகரப்பு நமக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருக்கிறது, அவர் அதை உணரும் நிலையில் இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு அமுச்சியை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். மண்ணைத் தெளியவிட்டு, மேல்நீரில் பஞ்சை நனைத்து, உதட்டில் மட்டும் தொட்டு வைக்கச் சொன்னார். பெரியவருக்கும் மனம் நிறைந்தது, அமுச்சிக்கும் புரையேறவில்லை. ஒரு நம்பிக்கையை அதன் உள்ளக்கருத்துக் கெடாமல், உடம்புக்குக் கேடு வராதபடி நிறைவேற்றத் தெரிந்த அந்தக் கைக்குப் பெரிய பட்டப்படிப்பு எதுவும் ஈடாகாது என்று நினைக்கிறேன். காது கடைசிவரை கேட்கக்கூடும் என்று அவர் சொன்னதால், அதுவரை அறைக்குள் எழுந்த எழவுப் பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகப் போய்க் காதோரம் பேசினோம். மார்கழி முடிவதற்குள் போய்விட்டார். ஆனைமலையிலிருந்து கோடி வந்தது.

எல்லா வீட்டிலும் இப்படி நிறைவாக முடிவதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்குள் படுத்துவிட்டவர்களின் அச்சம் முற்றிலும் வேறு வகை. அவர்களிடம் போய், எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான் என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. அப்படிப்பட்ட ஒரு தகப்பன், தன் நோயைவிட, மகள் வயதுக்கு வரும்போது சீர் யார் செய்வார்கள் என்பதைப் பற்றியே எங்களிடம் பேசினார். அந்தப் பெண் என் வகுப்பில் படித்தாள். அப்பாவுக்குச் சரியாகிவிடும் என்றே கடைசி நாள்வரை அவளிடம் சொல்லிவந்தார்கள். அவள் நெய்ப்பந்தத்தையும் பாடையையும் சங்கு ஊதுவதையும் முன்பே பார்த்தவள். சாவை அறியாத குழந்தை அல்ல. தன்னிடம் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்பதைத்தான் அவளால் நெடுநாள் தாங்க முடியவில்லை.

முதியவர்களிடம் நான் அதிகம் காண்பது சாவச்சத்தை அல்ல, பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தை. "கெடக்காமப் போயிரோணும்" என்பது எங்கள் ஊரில் அன்றாடப் பிரார்த்தனை. நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சடைத்து விழுந்து இறந்தால், புண்ணியவான், நல்ல சாவு என்பார்கள். அதை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை. அப்படிப் போனவரின் மனைவி, காலையில் காபி சூடில்லை என்று அவரோடு போட்ட சண்டையைப் பத்து ஆண்டுகளாகச் சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன். படுக்கையில் கழிக்கும் காலம் வலியில்லாமலும் மதிப்போடும் அமைந்தால், அது விடைபெறுவதற்குக் கிடைத்த அவகாசம். அந்த வலியின்மையையும் மதிப்பையும் ஊர் உறுதி செய்யாதபோதுதான் பார அச்சம் பெருகுகிறது. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று, தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவர்களை முடித்துவிடும் வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். தானே கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் இடங்களிலும்கூட, கேட்டவருக்கு வேறு என்ன வழி திறந்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

உண்மையை எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். வாயைத் திறந்ததும் நோயின் பெயரைப் போட்டு உடைப்பது உண்மையைச் சொல்வதாகாது. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். மேலே எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் கையமர்த்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் அவர் உரிமைதான். சில முதியவர்கள், "எம்பையங்கிட்டச் சொல்லீருங்க, அவன் பாத்துக்குவான்" என்று மனமறிந்தே ஒப்படைத்துவிடுவார்கள். கேட்டபின் ஒப்படைப்பதும், கேட்காமலே பறித்துக்கொள்வதும் ஒன்றாகா. ஒன்றுமில்லை என்ற சொல்லை மட்டும் சொல்லவே கூடாது. அதைக் கேட்டபின் அவர் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு என் அம்மாவைப் பற்றி நடக்கிறது. அவர் நலமாகவே இருக்கிறார். அமுச்சிக்கு மூக்குக் குழாய் போடலாமா என்று நடந்த விவாதத்தைப் பார்த்த நாளிலிருந்து, தனக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைத்துவிட வேண்டுமென்கிறார். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மதிப்போடு சாவதும் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறி, மீள முடியாத நிலையில் உயிர்காப்புக் கருவிகளை மறுக்க முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை ஏற்றது. அன்று மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்று வைத்த விதியால் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்று ஆக்கினார்கள். மருத்துவமனையின் இரண்டு குழுக்கள் நிலைமையை ஆராய்ந்து ஒப்பிய பிறகுதான் அது செயலுக்கு வரும். தான் பேச முடியாத நிலையில் தன் சார்பாகப் பேச வேண்டியவர்களாக ஒருவருக்கு மேற்பட்டோரின் பெயரையும் எழுதலாம்.

அம்மா என் பெயரையும் அண்ணன் பெயரையும் எழுதச் சொல்கிறார். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். போனில் இதை எடுத்தாலே, நன்றாக இருக்கிற மனுஷியைப் பற்றி என்ன பேச்சு இது என்று கோபித்து வைத்துவிடுகிறான். போன முறை வந்தபோது அம்மாவே அவனை உட்கார வைத்து, "நீயி கையெழுத்துப் போட வேண்டாஞ்சாமி, நாஞ்சொல்றத மட்டும் கேட்டுக்கோ" என்று தொடங்கினார். மூக்குக் குழாய் வேண்டாம், மூச்சு மிஷின் வேண்டாம், வலிக்கு மட்டும் தாராளமாக மருந்து கொடுக்கச் சொல், கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். சரி என்றும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடி வருகிறான். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த படிவம் அலமாரியில் இருக்கிறது, அவன் பெயருக்குரிய இடத்தை இன்னும் நிரப்பவில்லை.